முத்திரை உடைந்த கடிதம்

பேச்சைத் தொடங்குமுன் பரந்தாமன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துக்கொள்வான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை வலப்பக்கம் அரைச் சுற்று திருப்பும், ஒரு நொடி அப்படியே நிற்கும், பிறகு விடும். நூல் முறுக்கவிழ்ந்து பொத்தான் தானே பழையபடி வந்து நிற்கும். கடைக்காரனிடம் சீயக்காய் கேட்க ஒரு திருகு. டிப்போவில் மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்க நாலைந்து. மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தான் கையோடு வந்துவிடும். முத்தாபுதுப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட அக்கா அன்னம்மாள் பிறந்த ஊரான சேக்காட்டுக்கு வரும்போதெல்லாம் அதை இரட்டை நூல் கோத்துத் தைத்துக்கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்தக் கூச்சக்காரன்தான் சீமைக்கு விண்ணப்பம் போட்டான். அது 1945. ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஆவடி ராணுவ டிப்போவில் தற்காலிக குமாஸ்தாவாக அவன் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் மண்ணைப் பற்றிய மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு ஆள் எடுப்பதாகப் பத்திரிகையில் வந்தது. சென்னை மாகாணம் முழுவதற்கும் ஒரே ஓர் இடம்.

ஏழு வாரம் அந்த ஒரு வேலையாகவே இருந்தான். சான்றிதழ்களுக்கு நகல் எழுதி, அதிகாரி ஒருவரிடம் கையெழுத்து வாங்க மூன்று நாள் வாசலில் நின்றான். எதற்காக இந்தப் படிப்பு என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். சிறு வயது முதலே தனக்கு அறிவுத் தாகம் உண்டென்று முதலில் எழுதினான். படித்துப் பார்த்தபோது அவனுக்கே யாரோ போலிருந்தது. கிழித்துப்போட்டுவிட்டு, ஏரிக்குக் கிழக்கே இருக்கும் தங்கள் நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும் உப்பைப் பற்றி எழுதினான். எந்த மாதம், எத்தனை விரற்கடை, எந்தப் பயிர் முதலில் கருகும் என்றெல்லாம் எழுதினான். ஐந்தாவது பிரதியில்தான் அடித்தல் இல்லாமல் வந்தது.

கடைசியாக இரண்டு கடிதங்கள் வேண்டும். நம்மூர் நற்சான்று மாதிரி கையில் வாங்கி, பத்துப் பேருக்குக் காட்டி, சட்டம் போட்டு மாட்டுகிற கடிதம் அல்ல. பையனுக்குத் தெரியாமல் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துத் தர வேண்டும். முத்திரை உடைந்த கடிதம் ஏற்கப்படாது என்று விண்ணப்பத்தின் அடியில் அச்சாகியிருந்தது. ஒன்றைக் கல்லூரி முதல்வர் கொடுத்தார். மற்றதை ரசாயனப் பேராசிரியர் லோகநாதன் வியாழக்கிழமை கொடுத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி ரயில்ல ஊருக்குப் போறேன். அதுக்கப்புறம் ஏதாவது வேணும்னா ஜூலையிலதான்" என்றார்.

சனிக்கிழமை நண்பகலுக்குள் எல்லாக் காகிதமும் சென்னை அலுவலகத்தில் சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் குளித்துவிட்டுப் பரந்தாமன் உள்ளே வந்தான். கூடத்தில் அன்னம்மாள் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முறத்தில் சிவப்பாகத் தூள் சிதறியிருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள், இலைத்துண்டில் ஒரு பிடி சோற்றுப் பசை. லோகநாதனின் உறை வாய் பிளந்து கிடந்தது. கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். ஒரு மூலையில் ஈரம் ஊறி, கையெழுத்தின் மை நீலமாகக் கசிந்திருந்தது.

"அக்கா! இன்னா பண்ணிகினு கீறே?"

"கத்தாதடா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், அதுக்குள்ள முடிக்கணும். இன்னொரு உறை எங்க வெச்சே?"

"அத ஏன் பிரிச்சே?"

"பின்ன? மேலே தடவினா உறைக்குத்தான் நல்லது. உள்ள கீற காயிதத்துக்கு இன்னா நல்லது? ஊருக்குள்ள குடுக்கிற கல்யாணப் பத்திரிகைக்கே நாலு மூலையும் மஞ்ச வெக்கிறோம். கடல் தாண்டிப் போற காயிதத்த வெறுமனே அனுப்புவாங்களா?"

அவன் முறத்தையே பார்த்தான். அரக்குத் துண்டொன்றில் முத்திரையின் பாதி எழுத்து தெரிந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் என்னவோ தப்பாகிவிட்டது என்று அன்னம்மாளுக்குப் புரிந்தது. மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "பசை போட்டு ஒட்டிக் குடுத்துடறேன்டா, தெரியாது" என்றாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

அப்பா கோதண்டம் வந்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரக்குதானே? சப்பாணி கடையில கெடைக்கும். உருக்கி ஊத்தி, ஒரு காலணாவ வெச்சு அமுக்கிடு. எவன் பாக்கப் போறான்?"

"உள்ள மஞ்ச கீதே நைனா."

"வெள்ளக்காரனுக்கு மஞ்சளப் பத்தி இன்னா தெரியும்? பழைய காயிதம்னு நெனச்சுக்குவான்."

பரந்தாமன் சட்டையை மாட்டிக்கொண்டு கடிதத்தை எடுத்து நடந்தான்.

ஆவடி ஸ்டேஷனில் பன்னிரண்டு மணி வண்டி இல்லை. ராணுவ வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு இருபதுக்கு வந்த பாசஞ்சரில் ஏறினான். வில்லிவாக்கத்தில் அதுவும் நின்றுவிட்டது. வெயிலில் பெட்டி சுட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கீரைக்காரி, "இன்னாப்பா, வவுத்து வலியா? இப்பிடி நெளியறே" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான்.

மடியில் கடிதம் திறந்தபடியே இருந்தது. மடிப்புக்குப் பின்னாலிருந்து தட்டச்சு எழுத்துக்கள் எறும்பு வரிசைபோலப் புடைத்துத் தெரிந்தன. தன்னைப் பற்றி ஒரு மனிதர், தான் இல்லாத இடத்தில், சொன்ன வார்த்தைகள். கல்லூரியில் நான்கு வருஷம் பின் பெஞ்சில் இருந்தவனுக்கு அதைவிடத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறென்ன இருக்கிறது? யார் பார்க்கப் போகிறார்கள்? பிரித்தான். முதல் வரியைப் படித்தான். கண் இரண்டாவது வரிக்கு இறங்குமுன் மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

சென்ட்ரலில் இறங்கும்போது மணி நாலே முக்கால். பாலத்தைக் கடந்து சிந்தாதிரிப்பேட்டைவரை ஓட்டமும் நடையுமாகப் போனான். பேராசிரியர் வீட்டு வாசலில் ஜட்கா நின்றிருந்தது. கூடத்தில் பெட்டியும் கட்டிய படுக்கையும் தயாராக இருந்தன. லோகநாதன் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வெயிலில், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர் கோட்டுப் போட்டிருப்பது பரந்தாமனுக்கு விநோதமாகத்தான் பட்டது. ஆனால் அவன் கை பொத்தானில் இருந்தது. ஆறாவது திருகில் அது அறுந்து தரையில் உருண்டது.

"சார், முத்திரை உடைஞ்சிடுச்சு."

"எப்படி?"

சொன்னான். அக்கா, ராகு காலம், மஞ்சள், பசை என்று வரிசை மாறி வந்தது. லோகநாதன் கடிதத்தை வாங்கி மூலைகளைப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"படிச்சியா?"

"முதல் வரி, சார்."

"அப்புறம்?"

"மடிச்சிட்டேன்."

"முதல் வரியில ஒண்ணுமே இல்லையேடா. உன்னை நாலு வருஷமாத் தெரியும்னு எழுதியிருக்கேன், அவ்வளவுதான்."

சிரித்தாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒரே ஒருமுறை பார்த்தார். மணி ஐந்து பத்து. பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, தட்டச்சு யந்திரத்தின் உறையை நீக்கினார்.

இரண்டே விரல்களால் தட்டினார். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அடித்தார். பாதிப் பக்கத்தில் ஒரு பிழை விழுந்தது. காகிதத்தை உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். வெளியே ஜட்காக்காரன் குரல் கொடுத்தான்.

"சாமி, டைமாவுது! எழும்பூர்ல வண்டி உங்களுக்காவ நிக்குமா? என் குதிர பறக்காது, சொல்ட்டேன்!"

"இருக்கச் சொல்லு" என்றார் லோகநாதன், தலை நிமிராமல்.

பரந்தாமன் வாசலுக்குப் போய்ச் சொன்னான். ஜட்காக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்து, "நீதான் நடுவுல வந்த சனியனா?" என்றான். அது அன்று முழுவதும் அவனே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

கடிதம் முடிந்ததும் லோகநாதன் மெழுகுவத்தி ஏற்றி அரக்கை உருக்கினார். சொட்டு விழுந்து பரவியது. முத்திரையை அழுத்தி, ஆறும்வரை கையை எடுக்கவில்லை. கடிகாரம் ஆறடிக்க இரண்டு நிமிஷம்.

"ரயில், சார்?"

"ரயிலுக்கென்ன, இன்னொண்ணு வரும். உனக்கு நாளைக்குப் பன்னிரண்டு மணிதான். போ."

மறுநாள் காலை பதினொன்றரைக்குப் பரந்தாமன் எல்லாவற்றையும் கொடுத்து ரசீது வாங்கினான். எழுத்தர் முத்திரைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மேஜைக்குள் வைத்தார். ஆகஸ்டில் இடம் கிடைத்ததாகத் தந்தி வந்தது. அன்னம்மாள் அந்தத் தந்தியைத் தொடவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குளிர்காலத் தொடக்கத்தில் அவன் கப்பலேறினான். லோகநாதனுக்கு இரண்டு கடிதம் எழுதினான். இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் வந்தது. உப்பைப் பற்றிய கேள்விகள் மட்டுமே அவற்றில் இருந்தன.

1947 பிப்ரவரியில், அவன் தங்கியிருந்த விடுதிக்குத் தென்மாவட்டத்து மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் ஆனந்தன். நெருப்பருகே உட்கார்ந்து அவரவர் கல்லூரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கள் கல்லூரிக்கு முதல்வரைத் தேடிய கதையைச் சொன்னான் ஆனந்தன். மூன்று பேரை நேரில் அழைத்திருந்தார்களாம். 1945 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நிர்வாகக் குழு மனத்தில் வைத்திருந்தது சென்னையிலிருந்து வரவேண்டிய லோகநாதன் என்ற ரசாயனப் பேராசிரியரைத்தான். முதல் இரண்டு பேரைப் பார்த்து முடித்துவிட்டு, பகல் ஒரு மணிவரை காத்திருந்தார்கள். அவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார், கோட்டும் பெட்டியுமாக. அதற்குள் வேறொருவர் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார்கள்.