பின் டயரும் ஜன்னல் சீட்டும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள், யாராவது ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தே பழக்கம். அந்த வாயால்தான் ஒரு திங்கட்கிழமை காலை, உயிருக்குச் சமமான என் ஜன்னல் சீட்டைப் பந்தயத்தில் வைத்தேன்.

எங்கள் ஆபீஸ் பஸ் ஜீவனஹள்ளியில் கிளம்பி, மர்பி டவுன் வழியாக வைட்ஃபீல்ட் போகும். டிராஃபிக் இருந்தால் ஒன்றரை மணி நேரம். டிராஃபிக் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. ஏசி பஸ் என்று பேர் பண்ணி ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டார்கள். முழுசாகத் திறக்கிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான், இடப்பக்கம் மூன்றாவது வரிசையில். அது என் இடம். எங்கள் பஸ்ஸில் சீட்டு சீனியாரிட்டிப்படி. முதல் ஸ்டாப்பிலேயே ஏறினாலும் அடுத்தவர் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்தஸ்துக்காக நான் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. முகத்தில் காற்று படாவிட்டால் எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும். நாற்பத்தைந்து வயதில் இதை வெளியே சொல்ல முடியுமா? ஆபீஸில் புகார் பிரிவில் ஊர்ப்பட்ட கோபக்காரர்களைச் சமாளிக்கிறவள் நான். எட்டு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

வண்டி டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் போனில் ஒரு கார் விளையாட்டு ஆடுவேன். என் மகள் ஏற்றிக் கொடுத்தது. அதில் வேகமாகப் போவதற்கு மதிப்பில்லை. வளைவில் காரைப் பக்கவாட்டில் சறுக்க விட வேண்டும், அதற்குப் பெயர் டிரிஃப்ட். எவ்வளவு நேரம் சறுக்குகிறதோ அவ்வளவு பாயிண்ட். போனையே ஸ்டீயரிங் மாதிரி சாய்த்துச் சாய்த்து ஓட்ட வேண்டும்.

அன்று பக்கத்து சீட்டுப் பெண் என் போனை எட்டிப் பார்த்தாள். கோலார் தங்கவயல்காரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம், ஜீவனஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில் தங்கியிருந்தாள். அதுவரை குட் மார்னிங் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா, நாலு டயரும் ஒசந்த டயரா போட்டிருக்கீங்களே, இது எங்கேருந்து சறுக்கும்? மாட்டு வண்டிதான் ஓட்டலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஓ, நீ பெரிய ரேஸ்காரியோ?"

"பந்தயம் வெச்சுக்கலாமா? நான் ஜெயிச்சா ஒரு மாசம் அந்த ஜன்னல் சீட்டு எனக்கு."

"வெச்சுக்கோ! வெள்ளிக்கிழமை!"

சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தேன் என்று உறைத்தது. அதற்குள் பின்சீட்டு அண்ணன் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். "நிக்கிற வண்டியில ஆடினா என்ன கிக்கு மேடம்? டின் ஃபேக்டரி ஸ்டாப்பிலேருந்து ஆபீஸ் கேட் வரைக்கும், ஓடற வண்டியில ஆடுங்க." பஸ்ஸே கை தட்டியது. அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினாள். பயந்துவிட்டாள் என்று எனக்குக் குஷி.

நான்கு நாள் மத்தியான சாப்பாட்டு நேரம் முழுக்க பயிற்சிதான். ஸ்கூட்டிக்கு டயர் வாங்கப் போனால் நல்ல பிடிப்புள்ளதாகத்தானே கேட்போம்? அந்தப் புத்தியில்தான் நாலுக்கும் உசத்தியாகப் போட்டிருந்தேன். பின் டயரை மட்டும் இருப்பதிலேயே மட்டமானதாக மாற்றிப் பார்த்தேன். அடேயப்பா, கார் பம்பரமாகச் சுற்றியது! சுற்றினதும் பதறி பிரேக்கை அழுத்தினேன், நேராகச் சுவர். புதன்கிழமைதான் பிடிபட்டது. கார் இடது வளைவில் சறுக்க ஆரம்பித்தால் போனை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். பிரேக்கைத் தொடவே கூடாது. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக விடவும் கூடாது, கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். கோபமாகப் பேசுகிற வாடிக்கையாளரிடமும் நான் இப்படித்தான், எதிர்த்தும் பேச மாட்டேன், போனையும் வைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை டின் ஃபேக்டரியில் இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தோம். ஆபீஸ் நாற்காலியில் அசையாமல் பழகியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உடனே தெரிந்தது. பஸ் ரிங் ரோடுக்கு வலப்பக்கம் வளைந்தது, எங்கள் இரண்டு பேர் கையும் இடப்பக்கம் போனது, இரண்டு காரும் சுவரில். அப்புறம் அவள் பாயிண்டில் முந்திக்கொண்டே போனாள். எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. ஒரு மாதம் இந்த ஜன்னல் இல்லாமல் எப்படி வருவேன்? நிஜமாகவே பயந்துபோனேன்.

அடுத்து மகாதேவபுரா திருப்பம். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, எட்டு வருஷமாக என் வயிறு அதை மனப்பாடம் செய்திருக்கிறது. முதலில் ஒரு பிரேக், பிறகு பஸ் இடப்பக்கம் வளையும், நாம் எல்லோரும் வலப்பக்கம் சாய்வோம். வலப்பக்கம்! இடது வளைவில் சறுக்குகிற காருக்கு வேண்டியதே அதுதானே! விளையாட்டில் பெரிய இடது வளைவு வர இருந்தது. வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தேன். பஸ் பிரேக் போட்டதும் காரை உள்ளே விட்டேன், வால் வீசியது. பஸ் திரும்பியது, என் கை தானாக வலப்பக்கம் சாய்ந்தது. கார் வளைவு முழுக்கப் பக்கவாட்டிலேயே வழுக்கிக்கொண்டு போனது, பாயிண்ட் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் கார் சுவரில் முட்டி நின்றது.

நான் போட்ட கூச்சலில் டிரைவர் திரும்பி, "ஏன்ரீ அது கலாட்டா?" என்று கன்னடத்தில் அதட்டினார். ஆபீஸ் கேட் வரும்வரை அவளால் என்னைப் பிடிக்க முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"மாட்டு வண்டி எப்படி?" என்று கேட்கத் திரும்பினால் ஆளைக் காணோம். இறங்கிப் பார்த்தேன். காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டாள். "பஸ் எனக்கு ஒத்துக்காதுக்கா. சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அந்த ஜன்னல் கெடைச்சா சமாளிச்சுடலாம்னுதான் பந்தயம்னேன்."

"அடிப்பாவி," என்றேன், "எனக்கும் அதே கதைதான்டி."

அவள் கண் விரிந்தது. பிறகு இரண்டு பேரும் செக்யூரிட்டி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்தேனே தவிர, ஒரு மாதமாக அவள் பேசாமல் வந்தது எதனால் என்று நினைத்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையில் நீ, சாயங்காலம் நான் என்று அங்கேயே முடிவானது.

திங்கட்கிழமை முதல்முறையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். இந்திரா நகர் வருவதற்குள் வயிறு புரட்டத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். முதுகைச் சீட்டோடு ஒட்டி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். ஜன்னல் காற்று அவளைத் தாண்டி என் முகத்தில் வந்து விழுந்தது.

எட்டு வருஷத்தில் அந்தப் பக்கத்து சீட்டில் எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட நான் யாருக்காகவும் அப்படிச் சாய்ந்துகொண்டதில்லை.