உட்கார்ந்து தூங்குகிறவர்

"ஸ்பிரிங் போயிடுச்சு, ஆனா கட்டை நல்ல கட்டை" என்று சொல்லிக்கொண்டே சோபாவில் உட்கார்ந்த சோபாக்காரர், அடுத்த வார்த்தை வருவதற்குள் தூங்கிப்போனார். வீட்டுக்கார அம்மா பதறிப்போய்த் தண்ணீரோடு ஓடிவந்தார். சோபாக்காரரின் மனைவியோ ஆணி டப்பாவைத் திறந்தபடி, "பயப்படாதீங்கம்மா, அவருக்கு இதான் வழக்கம். டீ வாசனை வந்தா எழுந்துடுவார்" என்றாள். வந்தது. எழுந்தார். "அதனால கட்டையில கை வைக்க வேண்டாம், துணியை மட்டும் மாத்திடலாம்" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

பழைய சோபாக்களுக்கு உயிர் கொடுப்பதுதான் இந்தத் தம்பதியின் தொழில். அவர் மேலே உட்கார்ந்து எந்த இடம் அமுங்குகிறது என்று சொல்வார். அவள் அடியில் புகுந்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் நாடாவை இழுத்து ஆணி அடிப்பாள். முன்பெல்லாம் அடியில் புகுந்தது அவர்தான். இப்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. தொப்பை அதற்கு முன்பே மறுத்துவிட்டது. ஒருமுறை வீம்புக்கு உள்ளே போனவரை வெளியே எடுக்க, சோபாவைத்தான் தூக்க வேண்டியிருந்தது. "ஆளைத் தூக்குறதவிட சோபாவைத் தூக்குறது சுலபம்னு கண்டுபிடிச்சதே நான்தான்" என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். மனிதருக்கு வெட்கமே கிடையாதா என்றால், உண்டு. மனைவி தலையெல்லாம் தூசியோடு சோபா அடியிலிருந்து வெளியே வரும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

அந்த வெட்கம்தான் அவரை எடை குறைக்கும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. இரைப்பையைச் சின்னதாக்குவார்களாம். "மெத்தையில பஞ்சை எடுத்துட்டுத் தையல் போடுற மாதிரிதானே டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லை. முதலில் ஒரு ராத்திரி இங்கே வந்து தூங்குங்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்காமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றுவிட்டார்.

தெருவே சிரித்தது. "தூங்குறதுக்கு ஒரு பரிட்சையா! அதுல நம்மளை அடிச்சுக்க ஆள் ஏது?" என்று இவரும் மார்தட்டிக்கொண்டு திரிந்தார். பொய்யில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறார். மகளின் கல்யாண போட்டோ அத்தனையிலும் கண் மூடியிருக்கிறது. ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று சமாளிக்கிறார். குறட்டையைக் கேட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியதும் உண்டு.

ஆனால் இத்தனையும் உட்கார்ந்தபடி. படுத்து வருஷக்கணக்காகிறது. வீட்டில் கட்டில் முழுவதும் மனைவிக்கு. அவருக்கு மூலையில் ஒரு நாற்காலி. கேட்டால், "சோபாக்காரன் உக்காந்துதான் தூங்கணும், தொழில் தர்மம்" என்பார். தர்மமாவது மண்ணாங்கட்டியாவது! பயம். அவருடைய அப்பாவுக்கும் இதே உடம்பு, இதே குறட்டை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. அன்றிலிருந்து மகன் முதுகைச் சாய்க்கவில்லை. காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

பரிசோதனை அறையில் டெக்னீஷியன் பெண் நெற்றி, தாடை, மார்பு, கால் என்று ஓர் இடம் விடாமல் ஒயர் ஒட்டினாள். "என்னம்மா, என்கிட்டயிருந்து கரண்ட் எடுக்கப் போறியா? ஊருக்கே விளக்கு எரியும்!" என்றார்.

அவள் சிரித்துவிட்டு, "படுங்க சார்" என்றாள்.

"உக்காந்தே தூங்கிக் காட்டறேனே? இப்பவே வேணும்னாலும்."

"ஆபரேஷன் டேபிள்ல உங்களைப் படுக்கத்தானே வைப்பாங்க? படுத்தாத்தான் மூச்சு எப்படி இருக்குன்னு தெரியும்."

கட்டிலை அமுக்கிப் பார்த்தார். மெத்தை மட்டம் என்றார். தலையணை உயரம் என்றார். ஒயர் இழுக்கிறது, ஒன்றுக்கு வருகிறது, கடிகாரம் சத்தம் போடுகிறது. பேச்சும் ஓயவில்லை, ஆளும் சாயவில்லை. துணைக்கு வந்திருந்த மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியலேன்னா வீட்டுக்குப் போயிடலாங்க" என்றாள் கடைசியில். "சோபா அடியில நானே போய்க்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "நீ சும்மா இரு" என்றார். ஒயர்களை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாய்ந்தார். ஒரு காலை மேலே தூக்கிப் போட்டார். மற்றக் கால் மட்டும் செருப்போடு தரையில் ஊன்றியபடியே நின்றது.

"அந்தக் காலையும் மேல வைங்க சார்."

"அது அங்கயே இருக்கட்டும்மா. திடீர்னு எழுந்திருக்க வேண்டியிருந்தா…"

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி எழுந்து வந்தாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். கனத்த அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து, கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.