கோல் விழாத ஆட்டம்

"இடது கரையால வாறா அனஸ்ரேசியா... போர்வைக்கு ஒரு உதை... போர்வை வெளியில. வாயில கிடந்த சூப்பியும் வெளியில. நடுவர் ஒண்டும் சொல்லேல்லை. திரும்பவும் எழும்பி நிக்கிறா..."

ஒஸ்லோவின் அம்மருட் பகுதி அடுக்குமாடியில், எனக்கு மேல் வீட்டில், மாலைதோறும் நடக்கும் உதைபந்தாட்ட வர்ணனை இது. வர்ணிப்பவர் டெனிஸ். ஆடுபவர் அவருடைய ஒரே மகள், இன்னும் நடக்கத் தொடங்காதவள். அவள் நித்திரையானால் ஆட்டம் முடிந்தது. சில நாட்களில் கூடுதல் நேரமும் உண்டு.

டெனிசுக்குத் தொழில் லிப்ட் திருத்துவது. பெற்றோர் பாசையூர்க் கடற்கரைக்காரர். அந்தக் கரையின் பந்துப் பைத்தியம் ஒஸ்லோவில் பிறந்த மகனுக்கும் குறைவில்லாமல் வந்திருக்கிறது. கோடையில் நடக்கும் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் மைக் அவர் கையில்தான். கோல் விழுந்தால் "கோ..." என்று மூச்சு முடியும்வரை இழுத்துக்கொண்டு கூடாரத்தைவிட்டு ஓடிவருவார். 'ல்' வந்து சேர்வதற்குள் மற்ற அணி பந்தை நடுவில் வைத்துவிடும். அதைக் கேட்பதற்கென்றே அடுத்த நகரமான திராமனிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதற்காகத்தான் போகிறேன். பந்து எந்தப் பக்கம் போனாலும் எனக்கு ஒன்றுதான்.

இப்போது அவர் பாப்பாபெர்மில் இருக்கிறார். பிள்ளை பார்க்கத் தகப்பன்மாருக்கு இந்நாட்டில் கிடைக்கும் விடுப்பு அது. மனைவி றெபேக்கா முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குத் திரும்பிவிட்டார். அனஸ்ரேசியாவோ தாயின் தோளில் மட்டும் தூங்கிப் பழகியவள். கட்டிலில் விட்டதும் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, கட்டடம் முழுவதற்கும் முறைப்பாடு வைப்பாள்.

அறையை இருட்டாக்கி அமைதியாக விட்டால் தானாகப் படுப்பாள் என்று குழந்தை நல நிலையத்துத் தாதி சொல்லியிருந்தார். இரவு பத்து மணிக்கும் வெயில் அடிக்கும் ஜூன் மாதத்து ஒஸ்லோவில் இருட்டுக்கு எங்கே போவது? டெனிஸ் சமையலறை வெள்ளித்தாளை யன்னல் முழுக்க ஒட்டினார். வெளியிலிருந்து பார்க்க வீடு பொதிகட்டிய சோறு போல இருந்தது. இரைச்சலுக்குத் தூங்குவாளோ என்று குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார், தூசி உறிஞ்சியை ஓடவிட்டுப் பார்த்தார். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு லிப்டில் ஏறி ஏறி இறங்கினார். லிப்ட் பழுதாகிவிட்டது, நிற்காமல் ஓடுகிறது என்று யாரோ அறிவிக்க, திருத்த வந்தவர் டெனிசோடு வேலை செய்கிற ஆள்.

பிறகு ஒரு மாலை, சுற்றுப்போட்டிக்காக வீட்டில் வர்ணனை பழகிக்கொண்டிருந்தபோது, பிள்ளை அவர் நெஞ்சில் காதை வைத்தபடி சரிந்துவிட்டாள். அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கிவந்து என் கதவைக் காலால் தட்டினார்.

"அண்ணை, நித்திரையாப் போயிட்டாள். மட்ச் வர்ணனை சொன்னனான், அப்பிடியே சாய்ஞ்சிட்டாள்" என்று சத்தமில்லாமல் குதித்தார். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. இனி நானும் நித்திரை கொள்ளலாம்.

ஆனால் ஒரு சிக்கல். ஊரே கத்தினாலும் அவளுக்கு ஒன்றுமில்லை, தகப்பனின் குரல் ஏறினால் மட்டும் கண் திறந்துவிடும். பிறகு ஆட்டம் ஆரம்பத்திலிருந்து. ஆகவே மேல் வீட்டில் கோல் விழுவதே இல்லை. பந்து கம்பத்தில் படும், கோல் காப்பாளர் பிடிப்பார், இல்லாவிட்டால் வெளியே போகும்.

"ஒரு கோலாவது அடிக்க விடுங்கோவன், பாவம்" என்று வேலையில்லாத நாளில் றெபேக்கா கேட்டால், "எழும்பினால் நீர்தான் பாக்கோணும்" என்பார்.

போன சனிக்கிழமை இறுதியாட்டம். ஒருமுறையும் கிண்ணம் எடுக்காத டெனிசின் கழகம் முதன்முதலாக இறுதிக்கு வந்திருந்தது. றெபேக்காவுக்கு வேலை. பகல் முழுக்க வெயிலில் விழித்திருந்த பிள்ளை, அணிகள் மைதானத்துக்குள் இறங்கும் நேரம் பார்த்து அலறத் தொடங்கினாள்.

"தம்பி, மைக்கைத் தாரும். நீர் பிள்ளையைக் கொண்டு வீட்டை போம்" என்றார் போட்டியை நடத்தும் சண்முகலிங்கம்.

"இல்லையண்ணை. இவளும் மட்ச் கேக்கத்தான் வந்தவள்."

பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் தொடங்கினார். ஒலிபெருக்கி எல்லாம் தாலாட்டுப் போல முனகியது. சனம் முதலில் சிரித்தது, பிறகு காதைத் தீட்டிக்கொண்டது. இடைவேளைக்கு முன்பே அனஸ்ரேசியா வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோல் விழுந்தால் இந்த மனிதர் என்ன செய்யப்போகிறார்? நான் பந்தை விட்டுவிட்டு அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நிமிடங்களில் ஒரு மூலை உதை. டெனிசின் கழகத்துச் சேந்தன் எகிறித் தலையால் முட்டினான். வலை ஆடியது.

டெனிஸ் கதிரையைவிட்டு எழுந்தார். வாய் அகலத் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மைக்கை வாயிலிருந்து எடுத்து, கை எட்டிய மட்டும் எங்கள் பக்கம் நீட்டினார். எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மைதானமே "கோ..." என்று இழுக்கத் தொடங்கியது. அவருடைய மற்றக் கை பிள்ளையின் முதுகில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.