வெர்டெல் ஆடிய ஒன்பது இன்னிங்ஸ்

வெர்டெல் டிஸ்டேலை ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட எந்த ஆட்டத்திலும் மூன்றுக்கு மேல் ஆட விட்டதில்லை. 1953இல் செல்மா ஊரின் கறுப்பர் பேஸ்பால் அணியில் இருந்த ஒரே பெண் அவள். பெண் ஆடுகிறாள் என்று சுவரொட்டி ஒட்டினால் கூட்டம் முண்டியடிக்கும். மூன்று இன்னிங்ஸ் காட்டிவிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் நான்கு பேஸ்களில் இரண்டாவதில் அவள் காவல் நின்றால், அவளைத் தாண்டிப் பந்து போகாது என்பது அணியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வெள்ளைக்காரன் கதவைச் சாத்துகிறான் என்று மணிக்கணக்காகப் பொருமுகிறவர்கள், இவள் பேருந்தில் ஏறினால் காலை நீட்டி இருக்கையை அடைத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தான் ஆடுவதை அம்மா ஒஸெல்லா ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஒஸெல்லாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. ஞாயிறு விருந்தை விட்டு அவளால் நகர முடியாது, ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

ஜூலையில், திரையரங்குகளில் காட்டும் செய்திப் படத்துக்காக இரண்டு வெள்ளைக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். வெர்டெல் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டே பந்தைத் தவறவிட வேண்டும் என்றார்கள். அவள் அணி முதலாளி பெட்டவேயிடம் போனாள்.

"பந்தை நான் விடமாட்டேங்க."

"ஒத்திகைன்னு நெனச்சுக்கோயேன். இன்னைக்கு ஒன்பது இன்னிங்ஸும் நீயே ஆடிக்கோ. நிஜ ஆட்டத்தையும் எடுக்கச் சொல்றேன்."

ஒன்பதும் ஆடலாம், அம்மா அதைத் திரையில் பார்க்கலாம். வெர்டெல் பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"தாராளமா பூசிக்கோ, டப்பா காலியானாலும் அந்த மூக்கு மறையாது" என்றான் பந்து வீசும் ஹோசியா.

"உன் லட்சணத்துக்கு மூட்டைக் கணக்குல வேணும், போடா."

பந்து அவள் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. கேமராக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு ஆட்டம் தொடங்கியது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் வெர்டெலின் அணி ஒரே ஓட்டம்தான் முன்னால் இருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் ஆணி வைத்த காலணியைத் தூக்கிக்கொண்டு அவள்மேல் சறுக்கி வந்தான். பந்தைப் பிடித்தவள் பேஸை மிதித்தபடி நகராமல் நின்றாள், அவன் அவுட். ஆணி முழங்காலுக்குக் கீழே கிழித்தது. அதே நொடியில், பந்தை அடித்தவன் ஓடிச் சேருவதற்குள் அதை முதல் பேஸுக்கு வீசினாள். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட், ஆட்டம் முடிந்தது. அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாத ஹோசியா அவளைத் தோளில் தாங்கி நடத்திவந்தான்.

"உன்னைத்தான் எடுத்துட்டு இருந்தாங்க. நான் பார்த்தேன்."

மூன்று வாரம் கழித்து ஒஸெல்லா ஒரு வெள்ளிக்கிழமை மாலை விடுப்பு வாங்கினாள். தேவாலயத்துக்கு மட்டுமே போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, திரையரங்கின் பக்கவாட்டுப் படியேறிக் கறுப்பர்களுக்கான மாடியில் மகளோடு உட்கார்ந்தாள். செய்திப் படத்தில் வெர்டெல் வந்தது அரை நிமிடம். பவுடர் பூசினாள், பந்தை விட்டாள். சமையலறையில் இப்படி எதுவும் உருண்டு போவதில்லை என்று படத்தின் பின்னணிக் குரல் கேலி செய்தது. கீழே வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், மாடியிலும் சிரித்தார்கள். அடுத்தது குதிரைப் பந்தயம். ஒன்பதாவது இன்னிங்ஸ் வரவே இல்லை.

வெர்டெல் தையல் போட்ட காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அம்மாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குதுடி. வேணும்னேதானே விட்ட? ஜனங்களைச் சிரிக்க வைக்கவா ஊர் ஊரா போற? இதை முன்னாடியே சொல்லியிருந்தா எங்க அடிபடுவியோன்னு நான் இத்தனை நாள் பயந்திருக்க மாட்டேனே."

"ஆமாம்மா, வேணும்னேதான்."

அடுத்த வருடம் பெட்டவே அவளைக் கூப்பிடவில்லை. மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். ஒஸெல்லா சாகும்வரை, வீட்டுக்கு யார் வந்தாலும், "எம் பொண்ணு படத்துல வந்தவ. செஞ்சு காட்டுடி" என்பாள். வெர்டெல் எழுந்து நின்று, இல்லாத பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டுக் காட்டுவாள். ஒரு தடவைகூடப் பிடித்துக் காட்டியதில்லை.