புளிக்குழம்புச் சண்டை

சுனாமி வந்த அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், நாகப்பட்டினம் பக்கம் உதவிக்குப் புறப்பட்ட எங்கள் மாதா கோயில் லாரியில் எனக்கும் இடம் கிடைத்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அப்பா தடுத்தார்.

"சின்ன வெங்காயம் உரிக்க ஆள் வேணும்ணே. ஒன் மக கை வேகம் யாருக்கு வரும்?" என்றாள் அத்தை.

அது உண்மைதான். நான் போகாவிட்டால் அந்தக் கடற்கரையே மீளாது என்று எனக்கும் தோன்றியது.

அத்தை அப்பாவின் தங்கை. திண்டுக்கல்லில் எங்கள் கோயில் திருவிழாச் சாப்பாடு முழுக்க அவள் பொறுப்பு. அவள் சமையலில் குறுக்கே பேச பங்குச்சாமியாருக்கே தைரியம் கிடையாது. பக்கத்து ஊரான அகரத்து விவசாயிகள், கும்பிடும் சாமி வேறானாலும், வெங்காயமும் தேங்காயும் மூட்டை மூட்டையாக ஏற்றிவிட்டார்கள்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். அழுகையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே சத்தமே இல்லை. கைக்குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. அத்தை சாம்பார் சாதம் கிண்டினாள். வரிசையில் வந்தார்கள், வாங்கினார்கள், பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தக்காளிச் சோற்றுக்கும் அதே கதி. மிஞ்சிய அண்டாவைப் பார்த்து அத்தையின் முகம் சிறுத்துப்போனது.

அதற்கடுத்த காலை, ஓர் அக்கா அடுப்பருகே வந்து நின்றாள். வீட்டையும் வீட்டுக்காரரையும் பறிகொடுத்தவள் என்று சொல்லியிருந்தார்கள். "அந்தக் கரண்டியக் குடுங்கக்கா, நான் கொழம்பு வைக்கிறேன்" என்றாள்.

"நீ உக்காரு தாயி. நாங்க எதுக்கு வந்திருக்கோம்?"

"உக்காந்து உக்காந்தே செத்துருவோம் போலருக்குக்கா."

அத்தை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கொடுத்துவிட்டாள். நான் என் வெங்காயக் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் என்று அடுப்பைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. என் முன்னாலிருந்த வெங்காயக் கூடையைக்கூட ஒருத்தி கேட்காமல் இழுத்துக்கொண்டாள். புளி கரைக்கும்போது வெடித்தது சண்டை.

"இம்மாந் தண்ணியா? இது கொழம்பா, கழனித்தண்ணியா?" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

"ஒங்க வீட்ல நீ எப்டி வேணா வச்சுக்க!" என்றாள் கரண்டிக்காரி.

"வீடு எங்கடி இருக்கு? ரெண்டு பேருக்கும் இனி இந்த அடுப்புதான். புளிய ஊத்துடி!"

வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வகுப்பறைகளிலிருந்து தலைகள் நீண்டன. ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். எங்களோடு வந்த கோயில் உபதேசியார் சமாதானம் செய்ய ஓடினார். அத்தை குறுக்கே கையை நீட்டி மறித்தாள்.

"நீங்க போயி வெறகப் பாருங்க. அவளுக சண்ட போடட்டும்."

அன்று அண்டாவை வழித்துச் சாப்பிட்டார்கள். அத்தை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி வேடிக்கை பார்த்தாள். இழவு விழுந்த இடத்தில் புளிக்காக இப்படியா என்று எனக்கு ஒரே கோபம்.

ஊர் திரும்பியதும், அத்தையை அடுப்படியிலிருந்தே துரத்திவிட்டார்கள் என்று தெருவெல்லாம் சொன்னேன். அத்தை மறுப்பாள் என்று பார்த்தால், "ஆமா, தொரத்திட்டாளுக!" என்று என்னைவிடச் சந்தோஷமாக அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தோற்றுத் திரும்பியதில் இவளுக்கு என்ன இத்தனை பெருமை என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.