ஆவணியில் பெய்யாத மழை

ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு, எங்கள் நெல்லியடிச் சபை ஆராதனையில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தபோது என் குரல் நின்றுபோனது. இரண்டாவது சரணத்துக்கு வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. நான் உருகி அழுகிறேன் என்று நினைத்துச் சபையார் தாங்களே பாடி முடித்தார்கள். நான் அழவில்லை. பயத்தில் உறைந்துபோய் நின்றேன்.

கணவரும் நானும் யாழ்ப்பாணத்தில் தொண்டை வைத்தியரிடம் போனோம்.

"குரல்நாணிலை முடிச்சு விழுந்திருக்கு. ஆறு கிழமை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது. கரையாட்டி வெட்டவேணும். பிறகு பழைய குரல் வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

எனக்குப் பிழைப்பே குரல்தான். பாட்டெழுதி, மெட்டமைத்து, வீட்டு அறையில் கைபேசியில் பதிந்து இணையத்தில் போடுகிறவள் நான். எனக்குப் பின்னால் எந்தக் கம்பனியும் இல்லை. உலகத்தின் மூலைமுடுக்கில் இருக்கிற கொஞ்சப்பேர் ஓர் இணையப் பக்கத்தில் சேர்ந்து மாதாமாதம் என்னைத் தாங்குகிறார்கள். நோர்வேயில் ஓர் அண்ணை, கனடாவில் ஒரு தாதி, தமிழே தெரியாத பிரேசில் ஆசிரியர் ஒருவர், இப்படி. பதிலுக்கு, ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்திலேயே பாடிய புதுப்பாட்டு ஒன்று நான் கொடுக்கவேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. அவர்களின் பெயர்களைப் பாட்டுப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிவைத்து ஜெபிப்பேன்.

ஆவணி பிறந்தது. பாட்டு இல்லை. உண்மையைச் சொன்னால் எல்லோரும் விலகிவிடுவார்கள் என்று நினைத்தேன். வாய்பேசாத பாடகியை யார் தாங்குவார்கள்? போன கார்த்திகையில் பதிந்து வெளிவிடாமல் வைத்திருந்த பாட்டொன்றை எடுத்து, "நேற்றுப் பாடியது" என்று எழுதிப் போட்டேன். போட்டுவிட்டு முழங்காலில் நின்று, குரலைத் தாரும் என்று மன்றாடினேன். அதையும் மனதுக்குள்தான். ஆண்டவரோடு சண்டை பிடிப்பதென்றாலும் சத்தம் போட முடியாது. பொய்யைப் பற்றி மட்டும் அவரிடம் மூச்சு விடவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

மூன்றாம் நாள் நோர்வே அண்ணையின் செய்தி வந்தது. அவரின் தாய் எங்களுக்குப் பக்கத்திலே கரவெட்டியில் இருக்கிறார்.

"தங்கச்சி, பாட்டு நல்லாயிருக்கு. ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. பாட்டுக்குப் பின்னாலை தகரத்திலை மழை பெய்யிற சத்தம் கேக்குது. நான் ஒவ்வொரு நாளும் அம்மாவோடை கதைக்கிறனான். மூண்டு மாசமாய்த் துளி மழை இல்லை, கிணறு வத்துது எண்டு அவ சொல்லுறா. உங்கடை வீட்டிலை மட்டும் எப்பிடிப் பெய்தது?"

வெளியே முற்றத்து மண் வெடித்துக் கிடந்தது. கைபேசியைக் கணவரிடம் நீட்டினேன். நான் செய்தது அவருக்கு அதுவரை தெரியாது. படித்து முடித்துக் கைபேசியைத் திருப்பித் தந்தார். "அது போன கார்த்திகையில் பாடியது. என்ன செய்ய?" என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன்.

"நீர் குரலுக்கு ஜெபம் பண்ணினனீர். ஆண்டவர் முதல்லை இதைத் தொட்டிருக்கிறார். உள்ளதை எழுதும். போறவை போகட்டும்."

ஞாயிறு காலை உள்ளதையெல்லாம் எழுதிப் போட்டேன். பிறகு ஆலயத்துக்குப் போனேன். சபை பாடியது, நான் வாய்மூடி நின்றேன். கைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒருவர் போகிறார் என்று நினைத்தேன். பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அங்கே நின்றுதான், "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன்" என்று முதன்முதலாக அவரிடம் சொன்னேன். அன்று குரலைக் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து மதிலோரம் நின்று கைபேசியைத் திறந்தேன். இரண்டு பேர் போய்விட்டார்கள். கனடாத் தாதி, "உங்களை நம்பினனான்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார். அது இன்றைக்கும் நோகிறது. அதற்குக் கீழே நோர்வே அண்ணை.

"நான் போகேல்லைத் தங்கச்சி. பாடாதேங்கோ, தொண்டையைப் பாருங்கோ. மழை வரேக்கை அந்த மழையை மட்டும் பதிஞ்சு அனுப்புங்கோ. எங்கடை பக்கத்து மழையைக் கேட்டுக் கனகாலம்."

மொழிபெயர்த்துப் படித்திருந்த பிரேசில் ஆசிரியர், தனக்கும் மழை வேண்டும் என்றார். மற்றவர்களும் அதையே கேட்டார்கள். மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன்.

ஆறு கிழமை முடிந்தது. தொண்டைக்குள் கமராவை விட்டுப் பார்த்த வைத்தியர், "கரைஞ்சிட்டுது. வெட்டத் தேவையில்லை. இனி மெல்ல மெல்லக் கதையுங்கோ" என்றார். ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தேன், துணிவு வரவில்லை. திறந்தால் அன்றுபோலக் காற்றுத்தான் வரும் என்ற பயம். வீட்டுக்கு வந்தும் நாலைந்து நாள் கொப்பியிலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

புரட்டாதிக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை இறங்கியது. கைபேசியை யன்னல் விளிம்பில் வைத்துப் பதியத் தொடங்கினேன். தகரம் அதிரப் பெய்தது. பின்பக்கமிருந்து கணவர் கூப்பிட்டார்.

"கொடியிலை உடுப்பெல்லாம் நனையுது. ஓடி வாரும்."

"வாறன்" என்றேன்.

இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம். உடுப்பு முழுக்க நனைந்துபோனது.

குரல் முன்னைப்போல இல்லை. உச்சத்துக்கு ஏறாது, சுருதியைக் குறைத்துத்தான் பாடுகிறேன். முடியாத மாதத்தில் முடியவில்லை என்று எழுதுகிறேன். விலகிய இருவரின் பெயரையும் நான் வெட்டவில்லை, அவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன். இதை வாசிக்கிற நீங்களும் ஒன்றை மறைத்துக்கொண்டு வேறொன்றுக்காக மன்றாடிக்கொண்டிருந்தால், மறைத்ததை முதலில் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நான் வெட்கப்பட்டேன், ஆனால் அவர் என்னைக் கைவிடவில்லை. இந்த நன்றி நான் சாகும்வரை தீராது.

அன்றைய மழைப் பதிவை ஒன்றும் வெட்டாமல், திகதி போட்டு அனுப்பினேன். நோர்வே அண்ணை வழக்கம்போலக் கரவெட்டிக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருக்கிறார்.

"ஓம் தங்கச்சி, அங்கையும் மழையாம்" என்று எழுதினார். "அம்மாவுக்கும் போட்டுக் காட்டினனான். இதிலை பாட்டு எங்கை எண்டு கேட்டவ. நடுவிலை ஒரு பிள்ளை 'வாறன்' எண்டு சொல்லுது, அதுதான் பாட்டு, அம்மா எண்டு சொன்னனான்."