தாய் மீனுக்கு நான் வைத்த பத்தியம்

பால்சுறாவை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, மிளகும் உள்ளியும் மஞ்சளும் போட்டுச் சட்டியில் வறுக்கும்போது எழுகிற வாசனை மற்றவர்களுக்குப் பசியைத் தரும். எனக்கு, ஐம்பதைத் தாண்டிய இந்த வயதிலும், அடிவயிற்றில் ஒரு குளிரைத் தருகிறது. காரணத்தை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்புப் படித்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கித் திங்கட்கிழமை காலை வரைக்கும், என்னைப் பெற்ற அம்மா, பிறந்து சில கிழமைகளே ஆன என் தங்கச்சியைத் தின்றுவிடப் போகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். "தின்றுவிடப் போகிறார்" என்று மரியாதையோடுதான் நம்பினேன் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.

தங்கச்சி பிறந்த செய்தி கேட்டவுடனேயே மூதூரில் இருந்து பெரியம்மா லோஞ்சுப் படகு ஏறி வந்து, துறைமுகத்தடி ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியை அடுப்போடு கைப்பற்றிவிட்டார். அம்மாவின் அக்கா அவர். வந்த அன்றே சட்டம் போட்டார்: "பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறா குடுத்தால்தான் பால் ஊறும். மற்றக் கதை ஒண்டும் வேண்டாம்." அன்றிலிருந்து அம்மாவுக்குக் காலையும் மத்தியானமும் சுறா வறை. மிஞ்சியது அப்பாவுக்கு. அப்பா சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற பக்கம் வேலைக்குப் போகிறவர். தனக்குப் பால் ஊற வேண்டிய தேவை இல்லை என்று ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்து, பெரியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். அதிலும் மிஞ்சியது என் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வந்தது.

வீட்டில்தான் மீன் என்றால், பள்ளிக்கூடத்திலும் மீன்தான். எங்கள் வகுப்புக்கு நசீமா டீச்சர் என்று ஒருவர் கிண்ணியாவில் இருந்து வந்துகொண்டிருந்தார். அப்போது பாலம் இல்லை. "பாதை" என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகில் கடல் தாண்டி, பிறகு பஸ் ஏறி வரவேண்டும். எந்தப் பாடத்தையும் அவர் மீன் இல்லாமல் தொடங்கியதில்லை. கணக்கென்றால் இறால் கூறு போடுவது, தமிழென்றால் "நான் ஒரு நண்டு" என்று கட்டுரை, சித்திரமென்றால் கணவாய். சமய பாடத்துக்கும் சேர்த்து ஒரு மீன் கதை வைத்திருந்தார்: "உங்களுக்கு அவர் யோனா, எங்களுக்கு யூனுஸ் நபி, மீனுக்கு ரெண்டும் ஒரே ஆள்தான்" என்று தொடங்கி, பெரிய மீன் அவரை விழுங்கிய இடம் வரைக்கும் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் என் அழிறப்பரை எடுத்துவிட்டான். அவனோடு அடிபட்டு அதைத் திருப்பி எடுத்து நிமிர்ந்தபோது கதை முடிந்திருந்தது. ஆகவே யோனா மீனின் வயிற்றுக்குள்ளே போனதோடு என்னைப் பொறுத்தவரை சமய பாடம் முற்றுப்பெற்றது. இந்த அரைக்கதை பிறகு என்ன வேலை பார்த்தது என்பதைப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பாவிக்காத ஒரு சீமெந்துத் தொட்டி கிடந்தது. அதில்தான் டீச்சர் மீன் வளர்க்கக் கற்றுத்தந்தார். வெறும் தண்ணீரில் மீன் வளராது, தண்ணீர் பச்சை பிடிக்க வேண்டும், அதற்கு எரு போட வேண்டும் என்றார். மற்ற ஊர்களில் பிள்ளைகள் மாட்டுச் சாணத்தைத் தேடுவார்கள். எங்கள் ரவுணில் மான்கள் தெருவில் திரிந்ததால், நாங்கள் காற்சட்டைப் பைக்குள் மான் புழுக்கை பொறுக்கிக்கொண்டு போனோம். தண்ணீர் பச்சை பிடித்ததும், தம்பலகாமத்தில் வயல் செய்யும் தன் மச்சானிடம் சொல்லி, அங்கத்தைய குளத்தில் பிடித்த யப்பான் மீன்கள் சிலவற்றை வாளியில் கொண்டுவந்து விட்டார். திலாப்பியா என்று புத்தகத்தில் இருக்கும். எங்கள் வாயில் அது யப்பான் மீன். கடல் மீன் தின்று வளர்ந்த துறைமுகத்துப் பிள்ளைகளான எங்களுக்குக் குளத்து மீன் என்றாலே இளக்காரம். "சேத்து மீன்" என்று மூக்கைப் பொத்தினோம். ஆனாலும், தவிடும் புண்ணாக்கும் போடும் முறை யாருக்கு என்று தினமும் சண்டை.

அந்தக் கிழமை முறை எனக்கு. பெண் மீன் ஒன்று பல நாளாக எதையும் தின்னாமல் மூலையில் நின்றது. அதன் தாடை இரண்டும் வீங்கியிருந்தன. "கூவைக்கட்டு" என்று வகுப்பு முடிவு செய்தது. எங்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் அந்தத் தாடைவீக்கக் காய்ச்சல் வந்து போயிருந்தது. டீச்சர் சிரித்துவிட்டு, ஒரு பழைய வலைத்துண்டால் தொட்டியைத் தடுத்து, அந்த மீனைத் தனியாக விட்டார். வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், அதைச் சுற்றிப் புகை மாதிரிக் குஞ்சுகள். கணக்குப் பாடம் அங்கேயே நடந்தது. நிழல் விழாமல் எட்ட நின்று எல்லாரும் எண்ணினோம். ஆளுக்கொரு விடை வந்தது. குஞ்சுகள் ஓரிடத்தில் நின்றால்தானே. டீச்சர் எல்லா விடைகளையும் சரி என்று போட்டார். வெள்ளிக்கிழமை என்றபடியால் அவர் வேளைக்குப் பாதையைப் பிடிக்க வேண்டியிருந்தது. போகும்போது, "இந்தத் தாய் என்னென்ன செய்யும் எண்டு திங்கட்கிழமை சொல்லித் தாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போய் நிழல் விழுத்த வேணாம் புள்ளையள்" என்றார்.

நான் போனேன். குறும்புக்குப் போகவில்லை, மனம் இரங்கிப் போனேன். பல நாள் பட்டினி, அதோடு பிள்ளை பெற்ற உடம்பு. தவிட்டைப் போட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. பெரியம்மாவின் சட்டம் எனக்குத் தெரியும். என் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே மருந்து இருந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, தொட்டியில் ஏறிக் குனிந்து, சுறா வறையை ஒரு கை அள்ளித் தண்ணீரில் தூவினேன்.

அடுத்த கணம் அது நடந்தது. குஞ்சுகள் அத்தனையும் ஒரே புகைச்சுருளாகத் தாயின் முகத்தை நோக்கிப் பாய்ந்தன. தாய் வாயை ஆவென்று திறந்தது. புகை உள்ளே போனது. வாய் மூடியது. தாடை வீங்கியது. தொட்டியில் ஒரு குஞ்சும் இல்லை. சுறா வறை மட்டும் மஞ்சளாக மிதந்தது. அதற்குக் கீழே நின்று அந்த மீன் என்னைப் பார்த்தது.

என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. வீடு வரைக்கும் யார் ஓடியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஓடும்போதே தர்க்கம் மட்டும் மிகச் சுத்தமாக வேலை செய்தது. தவிடு தின்னும் சாதுவான மீன் அது. சுறாவின் ருசி காட்டினேன். உடனே பெற்ற பிள்ளைகளை விழுங்கிவிட்டது. மீனின் வயிற்றுக்குள் போன யோனா திரும்பி வந்ததாகவும் நான் கேட்டதில்லை. சுறா ஊன் தின்கிற மீன். பிள்ளை பெற்ற உடம்புக்குள் அது போனால் இப்படித்தான் செய்யும். சரி. வேறு யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது? வேறு யார் சுறா தின்கிறார்கள்? அதுவும் ஒரு கை அல்ல, கிழமைக்கணக்காகச் சட்டி சட்டியாக?

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சோற்றில் வறையைப் பிசைந்துகொண்டிருந்தார். பெரியம்மா ஏணைத் தொட்டிலுக்குள் குனிந்து தங்கச்சியிடம், "என்ர குஞ்சு, உன்னை அப்படியே கடிச்சுத் திண்டிடலாம் போல கிடக்கு" என்றார். அம்மா வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினார். ஓம் என்று தலையை ஆட்டினார்.

அன்று தொடங்கியது என் காவல். கதிரை ஒன்றை இழுத்து ஏணைக்கும் அம்மாவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். "இவனுக்குத் தங்கச்சியில எவ்வளவு உயிர் பாருங்கோ" என்று பெரியம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் பாதுகாப்பது யாரிடமிருந்து என்பது அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை, வறைச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்புறப் பூனைக்குக் கவிழ்த்தேன். பிறகுதான் அந்தப் பூனையும் குட்டி போட்ட பூனை என்று நினைவு வந்து, அதன் பின்னால் மதிலேறி ஓடினேன். அம்மாவிடம் நயமாகக் கதைத்துப் பார்த்தேன்.

"அம்மா, நீங்கள் பருப்பு சாப்பிட ஏலாதா?"

"ஏன்டா?"

"பருப்பு நல்லது. சாதுவானது."

அப்பாவிடம் கேட்டேன்: "அப்பா, அம்மாவுக்கு நல்லாப் பசிச்சால் என்ன செய்வா?" அப்பா பேப்பரில் இருந்து முகத்தை எடுக்காமல், "என்னைத் தின்னுவா" என்றார். அந்தப் பகிடியின் பாரத்தைச் சுமந்த ஒரே ஆள் நான். சனி இரவு முழுக்க விழித்திருப்பதாகச் சபதம் எடுத்தேன். அந்த இரவைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆசைதான், ஆனால் நித்திரையாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போய் வந்த பிறகு, அம்மாவுக்குப் பல்லுக் குத்து தொடங்கியது. உப்புப் போட்ட சுடுதண்ணியை வாயில் வைத்திருக்கச் சொன்னார் பெரியம்மா. இது எனக்குத் தெரியாது. நான் அப்போது கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால், அம்மா ஏணைக்கு மேலே குனிந்து நிற்கிறார். இரண்டு கன்னமும் வீங்கியிருக்கின்றன. அந்த மீனின் முகம்.

"அம்மா, தங்கச்சி எங்க?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. வாய் நிறைய இருக்கும்போது யார்தான் பதில் சொல்வார்கள்? "ம்ம்" என்று ஏணையைக் காட்டினார். நான் அம்மாவின் கைக்குக் கீழாகப் புகுந்து, ஏணைக்குள் இருந்து தங்கச்சியைத் துணியோடு வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த இடத்தில் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் மற்ற எல்லா இடத்திலும் சிரித்துவிட்டு இந்த இடத்தில் மட்டும் சிரிப்பதில்லை. கழுத்து நிற்காத பச்சைக் குழந்தை, ஈரக் கால், சீமெந்து நிலம். வாசற் படலையடியில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, என்ன ஏது என்று கேளாமல், இரண்டு கையையும் நீட்டி எங்கள் இருவரையும் ஒன்றாகப் பிடித்தார். அந்தப் பிடியை என் முதுகு இன்றைக்கும் வைத்திருக்கிறது.

அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா சிரித்து, சிரித்து, நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். அப்பா அப்போது சிரிக்கவில்லை. இரவு சாப்பாட்டில்தான் சிரிக்கத் தொடங்கினார். அம்மா தண்ணியைத் துப்பிவிட்டு வந்து, தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் இழுத்து வாயை அகலத் திறந்தார். "இஞ்ச பார் ராசா. உள்ளுக்க ஆராவது இருக்கினமா?"

பார்த்தேன். பல்லுகள் இருந்தன. அதில் ஒன்று சூத்தை. வேறு யாரும் இல்லை. நம்பிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் விழுங்கி முடித்த பிறகு அந்த மீனின் வாயும் இப்படி வெறுமையாகத்தான் இருந்திருக்கும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது.

இன்றைக்கு அந்தத் தொட்டி இல்லை. அது இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. பாதையும் இல்லை, கிண்ணியாவுக்குப் பாலத்தில், கடலைப் பார்த்தும் பாராமலும் போய்விடலாம். நசீமா டீச்சர் ஒரு நாள் இடமாற்றமாகிப் போனார், பிறகு உலகத்தை விட்டும் போனார். பெரியம்மாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். என் மகளின் பாடப்புத்தகத்தில் மீன் வளர்ப்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது, வழுவழுப்பான படத்தோடு. அதற்காக மான் புழுக்கை பொறுக்கும் பிள்ளை யாரும் இப்போது இல்லை. தங்கச்சி இருக்கிறாள். "அண்ணா என்னைக் காப்பாத்தினவர்" என்று கலியாண வீடுகளில் கதை சொல்லி என்னைக் கொல்கிறாள். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது சந்தையில் அலைந்து பால்சுறா வாங்கிக் கொடுத்தவன் நான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஏணைக்குப் பக்கத்தில் நின்றேன். சும்மாதான்.

திங்கட்கிழமை நடந்ததை மட்டும் அவள் எப்போதும் விட்டுவிடுவாள். அது இவ்வளவுதான். சுறா மிதந்து நாறிய தொட்டியைச் சுற்றி வகுப்பு முழுக்க நின்றது. குஞ்சுகள் தண்ணீரில் இருந்தன. எங்கள் நிழல் விழுந்ததும், வெள்ளிக்கிழமை போலவே, எல்லாம் தாயின் வாய்க்குள் பாய்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டீச்சர் என் தோளில் கை வைத்து, "மகன், பயந்தா நீங்க எங்க ஓடுவீங்க?" என்று கேட்டார். யுத்த காலம் அது; வானத்தில் ஏதாவது இரைந்தால் ஊரே ஓடி ஒளிந்த வருசங்கள். வகுப்பில் ஒருவருக்கும் அது கஷ்டமான கேள்வியாக இருக்கவில்லை: "அம்மாட்ட." டீச்சர் எங்களைப் பின்னுக்குப் போகச் சொன்னார். போனோம். நிழல் விலகியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாய் மீன் வாயைத் திறந்தது; குஞ்சுகள் வெளியே வந்து, நீந்தத் தொடங்கின.